பழைய ரிவால்வர் கூறும் சாட்சியம்

பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்தவர்கள் தம்முடன் எடுத்துச் சென்ற பொருள்கள் மிகச் சிலவே. ஒரு தகரப் பெட்டி, இரண்டொரு பித்தளைப் பாத்திரங்கள், குலதெய்வத்தின் படம், முன்னோர் விட்டுச் சென்ற ஏதேனும் ஒரு பொருள், அவ்வளவுதான். பம்பாய்க்கு வந்த தமிழரின் பெட்டி தாராவியில் ஒரு தலைமுறையும், மாதுங்காவிலோ செம்பூரிலோ மற்றொரு தலைமுறையும் கிடந்து, பின்னர்த் தாணே கடற்கழியைத் தாண்டி நவி மும்பையின் சான்பாடாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வீடு மாறியதேயன்றிப் பெட்டி மாறியதில்லை. அதனைத் திறந்து அடிவரை பார்த்தவர்களும் குறைவு.

சான்பாடாவில் அத்தகைய இல்லம் ஒன்றை நாம் மனத்தில் அமைத்துக்கொள்வோம். மழைக்காலம் தொடங்குமுன் வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய பெட்டி கீழே இறக்கப்படுகிறது. காக்கித் துணியில் சுற்றிய தோலுறை ஒன்று வெளிப்படுகிறது. உறைக்குள் கனத்த கைத்துப்பாக்கி. "என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் படையில் ஜமேதாராக இருந்தவர். 1917-ஆம் ஆண்டு மெசபொட்டேமியாவில் குத்-அல்-அமாரா நகரை மீட்டபோது ஒரு துருக்கி அதிகாரியிடமிருந்து கைப்பற்றியது இது" என்கிறார் வீட்டின் பெரியவர். "உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும், தாத்தா" என்கிறான் பேரன். "நல்ல விலை பெறுமாமே, மாமா" என்கிறார் மருமகன். மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும், மூன்று பேச்சிலும் ஆபத்து உண்டு. அப்பொருள் உண்மையில் யாது, அதன் நிலை எத்தகையது, அதனை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

மூன்றாம் வினாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குக் காலதாமதம் கூடாது. நூறாண்டு பழமையான துப்பாக்கி வெறும் காட்சிப் பொருள்தானே, அதற்கு உரிமம் எதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அமைப்புடைய அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால், அவ்விலக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த ஆயுதம் பழுது பார்த்தாலும்கூடச் சுடுவதற்குப் பயன்படாததாக இருத்தல் வேண்டும். பழைய படை ரிவால்வர்களில் பெரும்பாலானவை இந்நிபந்தனையை நிறைவேற்றா. சிறிது எண்ணெய் இட்டால் அவை மீண்டும் இயங்கும். அன்றியும், 0.455 அங்குலம், 0.380 அங்குலம் என்னும் படைத்தோட்டாக்களை ஏற்கும் ரிவால்வர்களை நம் நாட்டுப் படைக்கல விதிகள் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் சேர்த்திருக்கின்றன. அவற்றை வைத்திருக்க மைய அரசின் தனி அனுமதி வேண்டும். பாட்டனார் காலத்து உரிமம் இருந்திருப்பினும் அது அவரோடு முடிந்தது. வீட்டைப்போல் வாரிசுக்குத் தானாக இறங்கி வருவதன்று.

ஆகவே, துப்பாக்கி கண்ணில் பட்டவுடன் செய்ய வேண்டுவன சிலவே. அதில் தோட்டா இருக்கிறது என்றே எண்ணி நடத்தல் வேண்டும். விசையைத் தொடலாகாது, திறந்து பார்க்கவும் முயலலாகாது, குழந்தைகளை அவ்விடத்தினின்று அகற்றுதல் வேண்டும். பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் ஏறிக் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்வதும் பெருந்தவறு. காவல் நிலையத்திற்குத் தகவல் கூறி, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவதே நன்று. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு இவ்வாறு ஒப்படைப்பதற்கு வழிசெய்கிறது. இதற்குப் பின்னரே ஆராய்ச்சி. அதுவும் தகுதியுள்ளவர் கையால், அதிகாரிகளின் அனுமதியோடு நிகழ்வது.

இனி, அப்பொருள் யாது என்னும் வினாவுக்கு வருவோம். கைத்துப்பாக்கி அனைத்தையும் ரிவால்வர் என்று கூறுவது நம் வழக்கம். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது ரிவால்வரால் என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பெல்ஜிய நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல் ஆகும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகிய பெட்டியில் அடுக்கி வைக்கப்படும். ரிவால்வரிலோ அவை சுழலும் உருளை ஒன்றின் அறைகளில் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஓர் அறை தூரம் சுழன்று, புதிய தோட்டாவைக் குழலுக்கு நேராக நிறுத்தும். இவ்வேறுபாட்டை அறியாமல் குடும்பக் கதையை ஆராய்தல் இயலாது.

இந்தியப் படைகளோடு நெருங்கிய தொடர்புடைய ரிவால்வர் என்றால் பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி நிறுவனத்தாருடையதையே கூற வேண்டும். பிரிட்டிஷ் அரசு அதன் முதல் மாதிரியை 1887-இல் ஏற்றது. பின்னர்ப் படிப்படியாகத் திருத்தம் பெற்று, 1915-ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் மாதிரி வழக்குக்கு வந்தது. முதல் உலகப் போரில் பெருவாரியாக வழங்கப்பட்டது இதுவே. முந்தைய மாதிரிகளின் கைப்பிடி கிளி மூக்கைப்போல் வளைந்து முடியும்; ஆறாம் மாதிரியின் கைப்பிடி அடியில் சதுரமாக இருக்கும். குழலின் நீளம் ஆறு அங்குலம்; எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். பின்புறத்துத் தாழ்ப்பாளை அழுத்தினால் துப்பாக்கி நடுவே கீல்போல் மடிந்து திறக்கும். திறக்கும்போதே ஆறு தோட்டாக்களும் மேலே தள்ளப்படும். 1932-இல் 0.38 அங்குல அளவுடைய என்ஃபீல்டு ரிவால்வரைப் பிரிட்டிஷ் படை ஏற்றது. எனினும், பழைய வெப்லிகள் இரண்டாம் உலகப் போரிலும் தொடர்ந்து உழைத்தன.

ஒரு ரிவால்வர் அசலா என்று அறிவதற்கு அதன் உடலில் பதிந்த முத்திரைகளே முதல் ஆதாரம். நாணயத்தில் அரசனின் பெயரும் ஆண்டும் இருப்பதுபோல, வெப்லியின் உடலில் நிறுவனத்தின் பெயர், மாதிரியின் ரோமானிய எண், செய்த ஆண்டு, தொடர் எண் ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். தொடர் எண் உடற்பகுதியில் மட்டுமன்றிக் குழலிலும் உருளையிலும் வரும். மூன்று இடங்களிலும் ஒரே எண் இருப்பின், தொழிற்சாலையினின்று ஒன்றாகப் புறப்பட்ட பாகங்கள் இன்னும் ஒன்றாகவே உள்ளன என்று துணியலாம். எண் வேறுபட்டால் உடனே போலி என்று தள்ளிவிடலாகாது. போர்க்காலத்தில் படைக்கலச் சாலையிலேயே ஒரு துப்பாக்கியின் உருளையை மற்றொன்றில் பொருத்திச் செப்பனிட்டதுண்டு. அதுவும் அப்பொருளின் மெய்யான வரலாறே. பிற்காலத்து வணிகர் பல துண்டுகளைக் கூட்டி விற்பனைக்கென்று ஒன்றாக்கியிருப்பின் அது வேறு. மாற்றிய பாகத்தின் தேய்வும் நிறமும் ஏனைய பாகங்களோடு ஒத்து முதிர்ந்துள்ளனவா என்று பார்த்தே இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

எண்ணுக்கு அடுத்து அம்புக்குறி. அகன்ற தலையுடைய அம்பு பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். அம்போடு ஆங்கில ஐ எழுத்தும் சேர்ந்திருந்தால் அது இந்திய அரசின் உடைமையாக இருந்தது என்பது பொருள். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நின்றால், அரசு அப்பொருளைத் தன் கணக்கிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்பது குறிப்பு. கைப்பிடியின் பின்புறப் பட்டையில் சில வேளைகளில் படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் காணப்படும். இச்சிறு குறிகளை வரிசையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு துப்பாக்கியின் பயணம் ஓரளவு புலப்படும்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வடமேற்கு எல்லையில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், கைத்தேர்ச்சி மிக்க கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத் துப்பாக்கிகளைப் பார்த்து அவற்றைப் போலவே செய்துவந்தனர். வெப்லியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தூரத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால், ஆங்கிலம் அறியாத கொல்லர் எழுத்தைப் படமாகக் கருதிச் செதுக்கியமையால் என் என்னும் ஆங்கில எழுத்து இடவலம் மாறி நிற்கும். சொல்லில் ஓர் எழுத்துக் குறையும். கிரீடம் கோணலாக இருக்கும். தொழிற்சாலை முத்திரை ஒரே அடியில் ஆழமாகவும் சீராகவும் விழுவது. கையால் செதுக்கிய எழுத்து வரிக்கு வரி ஆழம் மாறுவது. உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டிலிருந்து வீசும் விளக்கொளியும் இருந்தால் இதனைக் கண்டுகொள்ளலாம்.

இனி, நிலையை மதிப்பிடும் முறை. இங்கேதான் பேரனின் உப்புத்தாள் நம்மை அச்சுறுத்துகிறது. பழைய துப்பாக்கியின் மேற்பரப்பில் உள்ள கருநீலப் பூச்சு வண்ணச் சாயம் அன்று; இரும்பின் மேற்பரப்பையே பக்குவப்படுத்தி உண்டாக்கிய மெல்லிய படலம். கை பட்டும் உறையில் உரசியும் அது சில இடங்களில் தேயும். தேய்ந்த இடம் காலப்போக்கில் பழுப்பு நிறம் பெறும். உறையின் வாயில் உரசும் குழல் முனை, பலகாலும் தொடப்படும் உருளை விளிம்பு, கைப்பிடியின் பின்புறம் ஆகியவற்றில் தேய்வு மிகுந்தும், கை படாத மூலைகளில் பூச்சு நிறைந்தும் இருந்தால் அது இயல்பான முதுமை. எங்கும் ஒரே மினுமினுப்பாக இருந்து, விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் கரைந்து, திருகாணித் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால், யாரோ சாணை பிடித்துப் புதுப்பூச்சு இட்டிருக்கிறார் என்று அறியலாம். பார்வைக்கு அழகாயினும் அதன் மதிப்புப் போய்விட்டது. முதியவர் முகத்துச் சுருக்கத்தைச் சுரண்டி எடுத்தால் இளமை திரும்புமா?

இத்துறையில் அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தார் வகுத்த தரவரிசை பரவலாக வழங்குகிறது. எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து, மூலப் பூச்சில் 80 சதவீதத்திற்கு மேல் எஞ்சியிருந்தால் முதல்தரமான நிலை என்பர். 30 சதவீதத்திற்கு மேல் இருந்தால் நேர்த்தியான நிலை. அதற்கும் குறைந்து, பூச்சே இல்லாமற் போயினும், பாகங்கள் அசலாகவும் எழுத்துகள் தெளிவாகவும் இருந்தால் அதனையும் மிக நன்று என்னும் வகையிலேயே சேர்க்கின்றனர். பூச்சு முற்றும் போன துப்பாக்கிக்கும் மதிப்பு உண்டு; பொய்யான பூச்சுக்கோ அதில் இடமில்லை.

துருவிலும் இருவகை உண்டு. கரும்பழுப்பாகக் கெட்டிப்பட்டுக் கையில் ஒட்டாத துரு பழையது; அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. செம்மஞ்சள் நிறமாகப் பொடிந்து விரலில் ஒட்டும் துரு இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருப்பது. குழலின் உட்புறத்தில் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்கள், வெப்லியில் ஏழு, கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பர். அக்காலத்துத் தோட்டாவின் அடியில் வைத்த தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது வெடித்தபின் எஞ்சுவது ஒருவகை உப்பு. சுட்டபின் வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால், அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலின் உட்புறத்தை அம்மை வடு விழுந்த முகம்போல் ஆக்கிவிடும். உள்ளே ஆழ்ந்த வடுக்களைக் கண்டால், அது போர்க்களத்திலோ பயிற்சியிலோ சுடப்பட்டு, சரிவரக் கழுவப்படாதது என்று ஊகிக்கலாம்.

சான்பாடா போன்ற கடற்கழியோரத்து ஊரில் இது மேலும் கவனிக்கத்தக்கது. அங்குக் காற்றில் உப்பும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத ஈரமும் உண்டு. தோலுறை துப்பாக்கியைக் காக்கும் என்று நம்புவது பெரும்பிழை. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைப்பது. பதனிட்டபோது ஏறிய அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். ஆகவே அருங்காட்சியகங்களில் உறையையும் துப்பாக்கியையும் பிரித்தே வைக்கின்றனர். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உதவா. நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மிக மெல்லிய கனிம எண்ணெயையோ நுண்படிக மெழுகையோ மென்மையான துணியால் தடவுவதே முறை. உறையையும் எறிந்துவிடலாகாது. அதில் அச்சிட்ட ஆண்டும் செய்தவர் பெயரும் தனிச் சாட்சியாகும்.

இயக்கத்தையும் வல்லுநர் சோதிப்பர். மடிப்புக் கீல் தளர்ந்துள்ளதா, தாழ்ப்பாள் இறுகப் பிடிக்கிறதா, சுத்தியை இழுக்கும்போது உருளை குழலுக்கு நேராக வந்து அசையாமல் நிற்கிறதா என்பன அவற்றுட் சில. உருளையின் பின்முகம் இழைத்துக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பர். அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட வெப்லிகள் பலவற்றை அங்குக் கிடைத்த 0.45 அங்குலப் பிஸ்டல் தோட்டாவுக்கு ஏற்ப இவ்வாறு இழைத்தனர். அத்தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்கத் தகுந்த அளவுக்கு மேற்பட்டது. அசல் தன்மையும் போயிற்று, ஆபத்தும் வந்தது. சுட்டுப் பார்த்து நிலை அறிவோம் என்று எவரும் முயலாதிருக்க இவ்வொன்றே போதுமான காரணம்.

எண் ஒன்றின் பெருமையை உணர்த்த நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 1928-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பகத்சிங்கின் கைத்துப்பாக்கி எனக் குறிக்கப்பட்டது அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தார் செய்த 0.32 அங்குலப் பிஸ்டல். பின்னர் அது எங்கே போயிற்று என்று நெடுங்காலம் பொதுமக்களுக்குத் தெரியவில்லை. உண்மையில் அது பஞ்சாபின் பில்லோர் காவல் பயிற்சி நிலையத்திலிருந்து 1969-இல் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, அங்குள்ள காட்சிக்கூடத்தில் பல துப்பாக்கிகளுள் ஒன்றாகப் பெயரின்றி இருந்தது. துருப்பிடிக்காதிருக்க நல்லெண்ணத்துடன் பூசிய கரிய வண்ணம் அதன் எண்ணை மறைத்திருந்தது. பழைய ஆவணங்களைத் தேடிய பத்திரிகையாளர் ஒருவரின் முயற்சியால் 2016-இல் அவ்வண்ணம் அகற்றிப் பார்க்கப்பட்டது. 168896 என்னும் எண் வெளிப்பட்டது. வழக்கு ஆவணத்திலும் அதே எண். அதுவரை அது பழைய இரும்பு. அந்நொடி முதல் வரலாறு. இன்று அது பஞ்சாபின் ஹுசைனிவாலாவுக்குச் சென்றுவிட்டது. வண்ணத்திற்குப் பதிலாக யாரேனும் உப்புத்தாள் கொண்டு அதன் எண்ணையே தேய்த்திருந்தால், அப்பொருள் என்றென்றும் ஊமையாகியிருக்கும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் படைக்கலச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி தடுக்கப்பட்டவை. எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அழித்தவர் அவரே என்று சட்டம் முதலில் கொள்ளும். அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. அறியாப் பிள்ளையின் ஆர்வம் குடும்பத்தையே வழக்கு மன்றத்தில் நிறுத்திவிடக்கூடும்.

இவ்வளவும் அறிந்தபின் சான்பாடா இல்லத்திற்குத் திரும்புவோம். காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரிவால்வரை வல்லுநர் ஒருவர் பார்க்கிறார் என்று கொள்வோம். வெப்லி ஆறாம் மாதிரி; மூன்று எண்களும் ஒன்றே; அம்புக்குறியோடு ஐ எழுத்து; செய்த ஆண்டு 1918. பெரியவரின் முகம் வாடுகிறது. குத்-அல்-அமாரா மீட்கப்பட்டது 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில். 1918-இல் பர்மிங்ஹாமில் செய்த துப்பாக்கியை அதற்கு முன்பே துருக்கியரிடமிருந்து கைப்பற்றியிருத்தல் எங்ஙனம் இயலும்?

கதை பிழையாயிற்று, பாட்டனார் பொய்யரானார் என்று கொள்ள வேண்டுவதில்லை. அவர் மெசபொட்டேமியாவில் பணியாற்றியதற்குப் பெட்டியில் உள்ள படைச்சேவைச் சான்றிதழும் ஓய்வூதியப் புத்தகமும் சாட்சி. பிற்காலத்தில் தம் பணிக்கென்று வழங்கப்பட்ட துப்பாக்கியையும் இளமையில் கண்ட போரையும் பேரப்பிள்ளைகள் ஒன்றாக முடிந்து கதையாக்கியிருக்கலாம். விற்பனையைக் குறிக்கும் இரட்டை அம்பு அதில் இல்லாததையும் நேர்மையுடன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அரசின் உடைமை அவர் கைக்கு எவ்வாறு வந்து தங்கியது என்னும் வினாவுக்கு அந்த இரும்பு விடை கூறவில்லை. கூறாததை நாமே இட்டு நிரப்புதல் முறையன்று.

இனி அதனை என்செய்வது? சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள அருங்காட்சியகத்திற்கு, அதிகாரிகள் வழியாக, வழங்கலாம். நூறாண்டு கடந்தமையால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி அது தொல்பொருள் ஆகும். வெளிநாட்டு ஏலத்திற்கு அனுப்பி விலை பெறலாம் என்னும் மருமகனின் எண்ணத்திற்கு இடமில்லை. ஆனால் நிழற்படங்களும், எண் குறித்த தாளும், பற்றுச்சீட்டும், பாட்டனாரின் சான்றிதழும் வீட்டிலேயே இருக்கலாம். அவற்றை எவரும் பறிக்க மாட்டார். கடற்காற்றுக்கு அஞ்சி எண்ணெய் இடவும் வேண்டா.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் எத்தனையோ இருக்கக்கூடும். அவற்றைத் திறக்கும்போது மினுக்க வேண்டும் என்னும் ஆசையை அடக்குவோம். முதலில் எண்ணைப் படிப்போம். அதன்பின் கதையைச் சொல்வோம்.